ஜேனட் சோபெல்: வாழ்க்கை, கருப்பொருள், சொட்டு ஓவிய முறை – உரைக்கும் பயிற்சிக்கும் விவரம் தேவை

நூலகத்திண்ணை (கேள்வி)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் உக்ரைனில் பிறந்த அமெரிக்க ஓவியர் ஜேனட் சோபெல் பற்றி 40 நிமிட உரை. அது முடிந்ததும் 12 பேருக்கு அவருடைய சொட்டு முறையில் ஒரு செய்முறைப் பயிற்சி. இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒரே வரியாக இருக்கிறது: "அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்குக்கு முன்பே பெயின்டைச் சொட்டவிட்ட இல்லத்தரசி." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 40 நிமிடம் பேச முடியாது. அது முழு உண்மையா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியவை:

1. வாழ்க்கை விவரங்களில் எவை உறுதியானவை? அவரை அகதி என்று சொல்லலாமா?
2. கருப்பொருள் என்ன? பூக்கள், முகங்கள், போர் வீரர்கள் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.
3. பொல்லாக் விஷயத்தை எப்படிச் சரியாகச் சொல்வது?
4. எந்த பெயின்ட், எந்தக் கருவி, எவ்வளவு? முதல்முறை செய்பவர்களுக்கு எங்கே சொதப்பும்?

---

கரிக்கோல்

நல்ல தேர்வு. முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

பிறந்தது 1893இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் எகாதெரினோஸ்லாவ் பகுதியில். இன்றைக்கு அது உக்ரைனின் தினிப்ரோ. யூதக் குடும்பம். தந்தை யூதர்களுக்கு எதிரான கலவரம் ஒன்றில் கொல்லப்பட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் 1908இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். தாய் மருத்துவச்சி. ஜேனட் என்ற பெயரே அமெரிக்காவில் வந்ததுதான். பதின்ம வயதிலேயே மாக்ஸ் சோபெல் என்பவரோடு திருமணம், ஐந்து பிள்ளைகள், புரூக்ளினின் பிரைட்டன் பீச்சில் வாசம்.

அகதி என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அகதி என்பதற்கு இன்று நாம் வைத்திருக்கும் சட்ட அர்த்தம் 1951 ஐ.நா. உடன்படிக்கையோடு வந்தது. 1908இல் நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒரு தனித் தகுதி கிடையாது, எல்லோரும் குடியேறிகள்தான். "கலவரத்தில் தந்தையை இழந்து, நாட்டைவிட்டு வெளியேறி வந்தவர்" என்று உரையில் ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு அகதி என்றே குறிப்பிடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

ஓவியம் தொடங்கியது 1930களின் கடைசியில், வயது நாற்பத்தைந்தை ஒட்டி. வருடம் 1937 என்றும் 1938 என்றும் 1939 என்றும் வேறு வேறாக எழுதுகிறார்கள். ஸ்லைடில் ஒரே வருடத்தை அழுத்தமாகப் போடாமல் "1930களின் இறுதி" என்று போடுவது நல்லது. மகன் சோல், நியூயார்க்கின் ஓவியப் பள்ளியான ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் படித்தவர். மகனுடைய வேலையைப் பார்த்து அம்மா கருத்துச் சொல்லப்போக, "நீங்களே வரைந்து பாருங்களேன்" என்பதில் ஆரம்பித்தது என்றுதான் குடும்பத்தில் சொல்லிவந்திருக்கிறார்கள். கையில் அகப்பட்ட காகிதத் துண்டு, உறையின் பின்பக்கம், அட்டை எல்லாவற்றிலும் வரைந்தார்.

இங்கே ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். "சுயமாகக் கற்றவர்" என்றதும் உலகம் தெரியாமல் அடுக்களைக்குள் உட்கார்ந்து வரைந்தவர் என்று ஒரு படத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. பள்ளிக்குப் போய் ஓவியம் படிக்கவில்லை, அவ்வளவுதான். மகன் வழியாக அன்றைய நியூயார்க் கலை உலகத்தோடு நேரடித் தொடர்பு இருந்தது. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், கலைச் சேகரிப்பாளர் சிட்னி ஜானிஸ், தத்துவவாதி ஜான் டூவி என்று பலருக்கு அம்மாவின் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சோல்தான். 1944இல் பூமா காலரியில் நடந்த தனிக் கண்காட்சிக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவரே டூவிதான். 1945இல் கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைமின் 'ஆர்ட் ஆஃப் திஸ் செஞ்சுரி' காலரியில் பெண்களுக்கான கூட்டுக் கண்காட்சியில் இடம்பெற்றார். 1946இல் அதே இடத்தில் தனிக் கண்காட்சி. வரையத் தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகாத ஒருவருக்கு இது சாதாரணமான வரவேற்பு இல்லை.

அப்புறம் ஏன் காணாமல் போனார்? காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. 1946வாக்கில் குடும்பம் நியூஜெர்சியின் பிளெயின்ஃபீல்டுக்கு இடம் மாறியது. நியூயார்க் காலரிகளோடு தினசரித் தொடர்பு விட்டுப்போயிற்று. குகன்ஹைம் 1947இல் காலரியை மூடிவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அதோடு பெயின்டில் இருந்த ஏதோ ஒரு பொருள் சோபெலுக்கு ஒவ்வாமை தந்தது. அதனால் கிரேயான், பென்சில் போன்றவற்றுக்கு மாறினார். எனாமலும் போய், காலரியும் போய், ஊரும் மாறிய பிறகு பெயர் மட்டும் எப்படித் தங்கும்? 1968இல் இறந்தார். அதே வருடம் குடும்பத்தினர் 'மில்கி வே' (1945) ஓவியத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இன்று அவர் பெயரைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது அந்தப் படத்தைத்தான்.

அண்மைக்காலத்தில் 2023இல் நியூயார்க் உக்ரைன் அருங்காட்சியகத்தில் அவருடைய போர்க்காலப் படங்களின் கண்காட்சி நடந்தது. 2024இல் ஹூஸ்டனின் மெனில் கலெக்ஷனில் அவருடைய சொட்டு, படர் ஓவியங்களை மையமாக வைத்து இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் முழுசாகத் தெரிவார்.

---

பூவும்முகமும்

கரிக்கோல் கடைசியில் சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன். சோபெலை "உருவ ஓவியம் வரைந்த காலம்", "அருவ ஓவியம் வரைந்த காலம்" என்று இரண்டாக வெட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. என் வாதம் இதுதான்: இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு அளவுகள். காலி இடம் விடாமல் நிரப்புவதுதான் அந்தப் பழக்கம்.

முதல் வகைப் படங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பெண்கள், தலைத்துணி கட்டிய முகங்கள், பூக்கள், நடுவில் படைவீரர்கள், பீரங்கிகள். அடிவானக் கோடு கிடையாது. முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று பிரிக்கவே முடியாது. ஒரு முகத்தின் கன்னம் முடியும் இடத்தில் இன்னொரு பூவின் இதழ் தொடங்கும், அந்த இதழே அடுத்தவரின் உடுப்பாகிவிடும். உடலுக்குள்ளும் உடலுக்கு வெளியிலும் ஒரே மாதிரியான கோடு, புள்ளி, இலை. மையம் என்று கண் போய் நிற்க ஓர் இடம் இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஊர் உண்டு. அவர் பிறந்த தினிப்ரோ வட்டாரத்தில்தான் பெத்ரிகிவ்கா கிராமம் இருக்கிறது. வீட்டுச் சுவர், அடுப்பு, பெட்டி என எல்லாவற்றிலும் பூவும் இலையும் தீட்டும் நாட்டுப்புறக் கலைக்குப் பேர்போன இடம். யுனெஸ்கோ 2013இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கிராமத்து ஓவியத்தை சோபெல் நேரடியாகப் படியெடுத்தார் என்று உரையில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பூத்தையல் சட்டையையும் ஒரு பெத்ரிகிவ்கா பலகையையும் சோபெலின் 1940களின் தொடக்கப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பார்ப்பவர்களுக்குத் தானாகப் புரியும்.

இப்போது சொட்டு ஓவியங்கள். கோடுகள் பின்னிப் பின்னி ஓரம் முதல் ஓரம் வரை போகின்றன. முதல் பார்வைக்கு உருவமே இல்லை. ஆனால் அவருடைய பல படங்களில் அந்தப் பின்னலுக்குள் முகங்கள் இருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி: அருகருகே இருக்கும் இரண்டு கரும்புள்ளிகளைத் தேடுங்கள். கண்கள் அகப்பட்டால், கீழே ஒரு வளைவு மூக்காகும், அப்புறம் தாடை. ஒன்று கண்ணில் பட்டதும் பக்கத்தில் மூன்று நான்கு தெரிய ஆரம்பிக்கும். உரையில் இதைச் செய்யச் சொல்லுங்கள். படத்தை முழுத்திரையில் ஒரு நிமிடம் பேசாமல் வைத்துவிட்டு, பிறகு ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

போர் பற்றி: 1940களில் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகள் எல்லாம் அவர் பிறந்த மண்ணையும் அவருடைய மக்களையும் பற்றியவை. வீரர்களும் பீரங்கிகளும் அங்கிருந்துதான் வருகிறார்கள். 1948இல் 'ஹிரோஷிமா' என்ற தலைப்பிலேயே ஒரு படம் செய்தார். அது இப்போது ஆர்கன்சாவின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் 1944ஆம் வருடப் படத்தின் தலைப்பு 'தி பர்னிங் புஷ்', அதாவது எரிந்தும் கருகாத புதர், யூத வேதத்தில் மோசேக்குத் தென்பட்டது. கருப்பொருளைப் பற்றிப் பேச இந்த இரண்டு தலைப்புகளே போதுமான பிடி தருகின்றன.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் தந்தையின் ரத்தம் என்று வாசிக்காதீர்கள். அகதி ஓவியர்கள் எல்லோருக்கும் நேரும் அநியாயம் இது. அவர்கள் செய்த வண்ணத் தேர்வு, கோட்டின் கனம், காய்வதற்குள் எடுத்த முடிவு எதையும் பார்க்காமல், வாழ்க்கைக் குறிப்பைப் படத்தின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். சோபெலின் பூக்கள் சந்தோஷமான பூக்கள். அந்தச் சந்தோஷமும் அவர் கொண்டுவந்ததுதான்.

---

அளவுகோல்

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக.

"சொட்டு முறையைக் கண்டுபிடித்தவர் சோபெல்" என்று சொன்னால் விவரம் தெரிந்தவர் யாராவது எழுந்து நின்று மறுப்பார். 1936இல் நியூயார்க்கில் மெக்ஸிகோ ஓவியர் சிகெய்ரோஸ் நடத்திய பட்டறையில் பெயின்டை ஊற்றுவதும் சொட்டவிடுவதும் பரிசோதிக்கப்பட்டன, பொல்லாக் அங்கே இருந்தார். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1940களின் தொடக்கத்தில் ஓட்டை போட்ட டப்பாவைக் கயிற்றில் கட்டி ஆட்டிக் கோடு போட்டார். பொல்லாக்கே 1943இல் சில படங்களில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

அசைக்க முடியாத வாதம் வேறு. மையமோ ஓரமோ இல்லாமல் கான்வாஸ் முழுவதையும் ஒரே அடர்த்தியில் நிரப்பும் 'ஆல்-ஓவர்' அமைப்பு. 1961இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், தானும் பொல்லாக்கும் குகன்ஹைம் காலரியில் சோபெலின் படங்களைப் பார்த்ததையும், அந்த விளைவைத் தான் முதன்முதலில் கண்டது அவரிடம்தான் என்பதையும், அவை தன்னைப் பாதித்தன என்று பொல்லாக் பின்னர் ஒப்புக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். பொல்லாக்கின் பெரிய சொட்டு ஓவியங்கள் 1947 முதல் வருகின்றன. வரிசை தெளிவு. அதே பத்தியில் கிரீன்பெர்க் சோபெலைப் 'பாமர' ஓவியர் என்றும் புரூக்ளின் இல்லத்தரசி என்றும் முத்திரை குத்தினார். அந்தப் புத்தகம் வரும்போது அவர் புரூக்ளினை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நீங்கள் சொன்ன அந்த ஒற்றை வரியின் ஊற்று இதுதான்.

ஸ்லைடில் அளவையும் போடுங்கள். 'மில்கி வே' சுமார் 114 × 76 செ.மீ. பொல்லாக்கின் 'ஒன்: நம்பர் 31, 1950' சுமார் 269.5 × 530.8 செ.மீ. இரண்டையும் ஒரே உயரத்தில் காட்டினால் பார்ப்பவர் ஏமாறுவார். பொல்லாக்குடையது தோளும் இடுப்பும் அசைந்து போட்ட கோடு, சோபெலுடையது விரலும் மணிக்கட்டும் போட்ட கோடு.

---

டப்பாமூடி

நாலாவது கேள்வி என் பேட்டை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அவர் பயன்படுத்தியது. எனாமல் பெயின்ட், சில படங்களில் எண்ணெய் வண்ணமும் சேர்த்து. சிலவற்றில் மணலும் உண்டு. கணவர் செயற்கை நகைத் தொழிலில் இருந்ததால் சீக்கிரம் காயும் பெயின்டும், பெயின்ட் விடும் கண்ணாடிச் சொட்டுக்குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கான்வாஸைத் தரையில் கிடத்திச் செய்தார். சொட்டுவது, சாய்த்து ஓடவிடுவது, ஊதுவது, வாக்குவம் கிளீனரின் உறிஞ்சும் காற்றால் ஈரப் பெயின்டை மெல்லிய நரம்புகளாக இழுப்பது என்று பல வழிகளைக் கலந்திருக்கிறார்.

கடைசியாகச் சொன்னதை யாரும் செய்து பார்க்கக் கூடாது. எனாமலில் உள்ள கரைப்பான் ஆவி எரியக்கூடியது, வாக்குவம் கிளீனரின் மோட்டாரில் தீப்பொறி பறக்கும். அதே விளைவு ஒரு ஸ்ட்ராவிலேயே கிடைக்கும்.

பலகை. முதல்முறை செய்பவர்களுக்குக் கான்வாஸ் வேண்டாம். பெயின்ட் கனத்தில் நடுவில் தொய்ந்து, எல்லா வண்ணமும் அங்கே போய்க் குட்டையாகத் தேங்கும். 3 மி.மீ. ஹார்ட்போர்டு, 45 × 35 செ.மீ. போதும். மென்மையான பக்கத்தில் கெஸ்ஸோ (ஓவியத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு கோட், நடுவில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. ஒரே பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும், பின்பக்கமும் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். மேஜையில் வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிந்துவிடும். தாழ்ந்த மூலைக்கு அட்டைத் துண்டு கொடுத்துச் சமன் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட அரை மணி நேரத்தில் மொத்தக் கோட்டையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

பெயின்டின் பதம். வேலை கெடுவது பெரும்பாலும் இதில்தான். வீட்டுக் கதவு ஜன்னலுக்கு அடிக்கும் பளபளப்பு எனாமலை டப்பாவைக் குலுக்காமல் அடியிலிருந்து கிளறுங்கள். குலுக்கினால் காற்றுக்குமிழ் நிறைந்து, காய்ந்தபின் ஊசிக்கண் போலத் துளைகள் நிற்கும். குச்சியை முக்கி எடுத்தால் விளக்கெண்ணெய் மாதிரி அறுபடாமல் நூலாக இறங்க வேண்டும். கட்டியாக இருந்தால் மினரல் டர்பன்டைன் 5 விழுக்காடு, அதிகம் போனால் 10. அதைத் தாண்டினால் கோடு விழுந்த இடத்தில் நிற்காமல் பரவும், பளபளப்பு போகும், நிறமி தனியாகப் பிரிந்து திட்டுத்திட்டாகும்.

குழாய். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிச் சொட்டுக்குழாய், மருந்துக்கடையில் கிடைப்பதுதான். நுனித்துளை 1 முதல் 1.5 மி.மீ. ஒரு மி.லி. உறிஞ்சினால், 1.5 மி.மீ. அகலத்தில் மெல்லிய கோடாக ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகும். வண்ணத்துக்கு ஒரு குழாய் தனியாக வையுங்கள். டர்பன்டைன் பட்டால் ரப்பர் ஊதி நெகிழ்ந்துவிடும், அதனால் பெயின்டைக் குமிழ் வரை உறிஞ்சக் கூடாது, கண்ணாடியில் முக்கால்வாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை. பலகைக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. உயரம். குமிழை அழுத்த ஆரம்பிப்பதற்கு முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். அழுத்திவிட்டு நகர்த்தினால் தொடக்கத்தில் ஒரு குண்டுப்புள்ளி விழும். உயரத்தைக் கூட்டிக் கையை மெதுவாக நகர்த்தினால், நூல் நேராக விழாமல் சுருள் சுருளாக மடிந்து விழும். கெட்டியான திரவங்களின் இயல்பு அது. பொல்லாக்கின் கை வேகத்தையும் உயரத்தையும் வீடியோவிலிருந்து அளந்து 2019இல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர் இந்தச் சுருள் விழாத வேகத்திலும் உயரத்திலும்தான் வேலை செய்தார் என்பது முடிவு. சோபெல் முறையில் குழாய் பலகைக்கு அருகிலேயே இருப்பதால் சுருள் பிரச்சினை குறைவு. பதிலுக்கு வேறொரு பிரச்சினை: மெதுவாகப் போனால் கோடு அறுந்து மணிமணியாக நிற்கும்.

நரம்பு விழவைப்பது. அடிவண்ணத்தை மெல்லிசாகப் பூசி, அது ஈரமாக இருக்கும் முதல் பத்து நிமிடத்துக்குள் மேல் வண்ணத்தைச் சொட்டுங்கள். சொட்டு விரியும், ஓரம் கிளைக்கும். உடனே பலகையை 10 – 15 டிகிரி சாய்த்து, ஐந்து எண்ணி, எதிர்ப்பக்கம் சாய்த்துச் சமனுக்குக் கொண்டுவாருங்கள். அல்லது ஸ்ட்ராவைப் படுக்கையாகப் பிடித்துச் சின்னச் சின்னதாக ஊதுங்கள். செங்குத்தாக ஊதினால் குழி விழும், நரம்பு வராது. மூன்று வண்ணத்துக்கு மேல் ஈரத்தில் கலந்தால் சேறாகிவிடும். நாலாவது வண்ணம் மறுநாள்தான்.

மணல். கழுவி, நன்றாகக் காயவைத்து, சல்லடையில் சலித்த நைஸ் மணல். நாலு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு. கடல் மணல் கூடாது, உப்பு பின்னால் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வெளியே வரும்.

காய்தல். தொட்டால் ஒட்டாத நிலைக்கு 6 – 8 மணி நேரம், மேலே அடுத்த அடுக்குக்கு ஒரு நாள். 1 மி.மீ.க்கு மேல் தேங்கிய இடத்தில் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக இருக்கும். பிறகு உள்பகுதி காயும்போது தோல் சுருங்கி வரிவரியாகும். அப்படித் தேங்கினால் ஈரத்திலேயே அட்டை முனையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எண்ணெய் வண்ணத்துக்கு மேல் எனாமல் போடுவதாக இருந்தால், அடியில் எண்ணெய் வண்ணம் மெல்லிசாகவும் முழுக்கக் காய்ந்தும் இருக்க வேண்டும். கீழே மெத்தென்று இருந்து மேலே கெட்டித் தகடாகக் காய்ந்தால் விரிசல் உறுதி.

கடைசியாக, விட்டுவிடக் கூடாதது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். நைட்ரைல் கையுறை கட்டாயம். சோபெலையே பெயின்டை விடவைத்தது ஒவ்வாமைதான். எண்ணெய், எனாமல் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

---

நூலகத்திண்ணை

எல்லோருக்கும் மிக்க நன்றி. டப்பாமூடி அண்ணா, ஒரு சிக்கல். பயிற்சி நடக்கும் அறை மூடிய கூடம். டர்பன்டைன் வாசம் வரும் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேரமும் இரண்டு மணி நேரம்தான். அக்ரிலிக்கில் செய்தால் சோபெல் மாதிரி வருமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

---

டப்பாமூடி

மூடிய கூடம் என்றால் அக்ரிலிக்தான், வேறு யோசனையே வேண்டாம். கோடு நன்றாக வரும். நரம்பு எனாமல் அளவுக்கு வராது. காரணம், அக்ரிலிக்கின் மேல்பரப்பு சீக்கிரம் இறுகிவிடும், தண்ணீர் ஆவியாகும்போது கோட்டின் கனமும் தாழ்ந்துவிடும். ஈரமாகப் பார்க்கும்போது புடைப்பாக இருக்கும் கோடு மறுநாள் தட்டையாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும்.

கலவை: ஃப்ளூயிட் அக்ரிலிக் (ஊற்றும் பதத்தில் வரும் அக்ரிலிக்) 1 பங்கு, போரிங் மீடியம் (pouring medium, பெயின்டை வழியும் பதத்துக்குக் கொண்டுவரும் சேர்மானம்) 1 பங்கு. அதன்பின் பதம் பார்த்துத் துளித்துளியாகத் தண்ணீர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெறும் தண்ணீரில் மட்டும் நீர்க்கவைத்தால் பசை பலம் இழந்து, காய்ந்தபின் விரல் பட்டாலே தூளாக உதிரும். டியூபில் வரும் கெட்டி அக்ரிலிக் மட்டும்தான் இருக்கிறது என்றால் மீடியத்தை இரண்டு பங்காக்கிக் கொள்ளுங்கள், கட்டி இல்லாமல் கரைய நேரம் எடுக்கும். முந்தின நாளே கலக்கி மூடி வைத்தால் குமிழும் அடங்கியிருக்கும்.

அளவு: 45 × 35 செ.மீ. பலகைக்கு அடிப்பூச்சு 25 மி.லி., கோடுகளுக்கு 35 – 40 மி.லி. ஆக ஆளுக்கு 65. பன்னிரண்டு பேருக்கு 780, சிந்துவதும் சோதனையும் சேர்த்து ஒரு லிட்டர் கலவை. அதாவது அரை லிட்டர் பெயின்ட், அரை லிட்டர் மீடியம். வெள்ளையும் கறுப்பும் மற்றவற்றைவிட இரு மடங்கு வையுங்கள். சொட்டுக்குழாய் 3 மி.லி. பிளாஸ்டிக்கே போதும், ஆளுக்கு மூன்று. நுனி அடைத்தால் வெட்டி எறியாமல் வெந்நீரில் போட்டு அழுத்தினால் திறந்துவிடும்.

அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மேலே தோல் கட்டிவிட்டால் நரம்பு கொஞ்சம்கூட விழாது. குட்டையாகத் தேங்கிய இடத்தில் அக்ரிலிக் சுருங்குவதைவிட வெடிப்பதுதான் அதிகம், அதனால் தேக்கத்தை எடுப்பது இங்கேயும் உண்டு. பலகைகளை அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. படுக்கையாக ஒரு இரவு இருக்க ஓர் அலமாரியோ மேஜையோ ஏற்பாடு செய்து வையுங்கள்.

---

பூவும்முகமும்

பயிற்சி பற்றி ஒரு யோசனை. 12 பேரையும் நேரடியாகச் சொட்டவிடச் சொன்னால் எல்லோரும் பொல்லாக் மாதிரி கையை வீசத்தான் பார்ப்பார்கள், அது சோபெல் இல்லை. முதல் 20 நிமிடம் பலகையில் பென்சிலால் ஐந்தாறு முகங்களும் சில பூக்களும் வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம், ஆனால் உள்ளங்கை அளவுக்கு மேல் எங்கும் காலி இடம் இருக்கக் கூடாது. அடிப்பூச்சை அதற்கு மேல் மெல்லிசாக, பென்சில் தெரியும்படி பூச வேண்டும், மீடியம் கூடுதலாகச் சேர்த்தால் கண்ணாடிபோல இருக்கும். முதல் வண்ணக் கோடு அந்த முகங்களைப் பின்தொடரட்டும். இரண்டாவது வண்ணம் ஒரு முகத்தையும் அடுத்ததையும் இணைக்கட்டும். மூன்றாவதில்தான் கைக்குச் சுதந்திரம். கடைசியில் கறுப்பை எடுத்து, மறைந்துபோன கண்களில் எவை திரும்ப வேண்டும் என்று அவரவர் முடிவு செய்து புள்ளி வைக்கட்டும்.

எல்லாக் கண்ணையும் மீட்டுவிட்டால் படம் பழையபடி முகங்களின் கூட்டமாகிவிடும், எதையும் மீட்காவிட்டால் வெறும் கோட்டுப் பின்னல். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று முகத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

---

அளவுகோல்

ஸ்லைடுக்கு ஒரு வரி கூடுதல். அவருடைய படங்கள் பலவற்றுக்குத் தலைப்பு கிடையாது, தேதியும் தோராயம்தான். 1946வாக்கில் எனாமலும் எண்ணெயும் கலந்து பலகையில் செய்த ஒரு சிறிய படமும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 45.5 × 35.5 செ.மீ. டப்பாமூடி சொன்ன பலகை அளவும் ஏறக்குறைய அதுவேதான். அந்தப் படத்தைத் திரையில் காட்டும்போது வெறும் பலகை ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்தால் உண்மையான அளவு எல்லோருக்கும் தெரியும். தலைப்பில்லாத படங்களுக்கு நீங்களாகத் தலைப்பு வைக்காமல், "தலைப்பில்லை, சுமார் 1946, எண்ணெயும் எனாமலும், பலகை" என்று வரிசையாகப் போடுங்கள்.